குட்டி கற்பது கதவையல்ல, காலடித் தரையை: ஒன்பது வார நாய்க்குட்டியை வீட்டுக்குப் பழக்குவது

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் வீடு. குட்டிக்கு ஒன்பது வாரம். வந்து ஆறு நாள் ஆகிறது. பின்முற்றத்தில் இருபது நிமிடம் விட்டாலும் ஒன்றுக்குப் போகாமல், உள்ளே வந்த மறு நிமிடம் லவுஞ்ச் கார்ப்பெட்டை நனைக்கிறது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் வீட்டில் ஆயா (பாட்டி) மட்டும். அவருக்கு முழங்கால் வலி. மூக்கைப் பிடித்து அதில் தேய்த்தால்தான் புத்தி வரும் என்கிறார் தாத்தா. இன்னும் சில வாரத்தில் புரட்டாசி விரதம் தொடங்கிவிடும். சாமி அறைக்குள் போய்விடுமோ என்ற பயம் வேறு.

முதலில் தாத்தாவுக்கான பதில். மூக்கைத் தேய்க்க வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். இரக்கம் ஒரு காரணம்தான், ஆனால் அதைவிட முக்கியமாக, அது நேர் எதிரான பாடத்தைக் கற்றுத்தரும். குட்டி ஒரு செயலையும் அதன் விளைவையும் ஓரிரு விநாடிக்குள் நடந்தால்தான் சேர்த்துப் பார்க்கும். ஐந்து நிமிடம் கழித்து ஈரத்தின் அருகே இழுத்துப் போனால், ‘கார்ப்பெட்டில் போனது தப்பு’ என்று அதற்குப் புரியாது. ‘இந்த மனிதர் இருக்கும்போது போனால் ஆபத்து’ என்றுதான் புரியும். அதன் பிறகு உங்கள் கண்முன் முற்றத்திலும் போகாது. சோபாவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், ஆள் இல்லாத அறையில் போகும். காதை மடித்துத் தலையைத் தாழ்த்தி நிற்பதைக் குற்ற உணர்ச்சி என்று பலர் நினைக்கிறார்கள். அது உங்கள் குரலையும் முகத்தையும் பார்த்து வந்த பயம், அவ்வளவுதான்.

இனி, கார்ப்பெட்டையே ஏன் தேடிப் போகிறது என்ற விஷயம். இது புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பிறந்த முதல் மூன்று வாரம் குட்டிக்குத் தானாக ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகத் தெரியாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும். கழிவையும் தாயே துப்புரவு செய்துவிடும். அதன் பிறகு குட்டி தானே எழுந்து படுக்கையை விட்டுத் தள்ளிப் போய் இருக்கத் தொடங்குகிறது. படுத்த இடத்தை நனைக்கக் கூடாது என்பது நாம் கற்றுக்கொடுப்பதில்லை, அதன் பிறவிக் குணம். எட்டாவது வாரத்தை ஒட்டி இன்னொன்று நடக்கிறது: எந்த மாதிரித் தரையில் போவது என்ற பழக்கம் பாதங்களில் படிகிறது. செய்தித்தாளில் வளர்ந்த குட்டி தாளைத் தேடும். சிமெண்ட்டில் வளர்ந்தது சிமெண்ட்டைத் தேடும். ‘வெளியே’, ‘உள்ளே’ என்ற பாகுபாடு அதற்கு இன்னும் தெரியாது. மென்மையா, கடினமா, ஈரத்தை உறிஞ்சுமா என்பதுதான் தெரியும். கார்ப்பெட் மென்மையானது, உறிஞ்சும், பாதத்தில் தெறிக்காது. புல்லுக்கு மிக நெருக்கமான பொருள் உங்கள் வீட்டுக்குள் அதுதான். டைல்ஸ் தரையை விட்டுவிட்டுக் குட்டி அதைத் தேர்ந்தெடுத்தது அதன் கணக்குப்படி சரியே.

ஆகவே இன்றே செய்யவேண்டியது: கார்ப்பெட்டையும், கதவருகே கிடக்கும் மிதியடிகளையும், குளியலறை விரிப்பையும் சுருட்டி மேலே வைத்துவிடுங்கள். நான்கு மாதத்துக்கு வெறும் டைல்ஸ் போதும். இந்த ஒரு வேலையை ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடுகிற வீடுகளில்தான் ஆறு மாதம் ஆகியும் குட்டி பழகாமல் இருக்கிறது.

முற்றத்தில் இருபது நிமிடம் இருந்தும் போகாததற்குக் காரணம் எளிது. அங்கே அதற்கு வேறு வேலை இருக்கிறது: பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது, இலை பறக்கிறது, மதில்மேல் குரங்கு உட்கார்ந்திருக்கிறது. மூத்திரப்பை நிறைந்திருப்பதே மறந்துபோகிறது. உள்ளே வந்ததும் சத்தம் அடங்குகிறது, காலடியில் மென்மை, உடனே நினைவு வருகிறது. அவிழ்த்து விட்டுக் கதவைச் சாத்தினால் இது தினமும் நடக்கும். கழுத்துப் பட்டையும் ஒன்றரை மீட்டர் வாரும் போட்டு நீங்களும் கூடப் போகவேண்டும். ஒரே மூலை, தினமும் அதே மூலை. இரண்டு சதுர மீட்டர் புல் இருந்தால் போதும். டர்பன் வீடுகளில் நிழலில் படரும் எல்.எம். புல் இருந்தால் மிக நல்லது; கிக்குயு புல்லும் சரிதான், ஆனால் அடிக்கடி வெட்டிக் குட்டையாக வைத்திருங்கள். உயரப் புல் உண்ணிகளுக்கு வீடு.

மூலைக்குப் போனதும் மரம் மாதிரி நில்லுங்கள். பேசாதீர்கள், விளையாடாதீர்கள், கண்ணைக்கூடப் பார்க்காதீர்கள். வாரின் நீளத்துக்குள் அது மோந்து சுற்றட்டும். ஐந்து நிமிடம். மூக்கைத் தரையோடு வைத்து வட்டமடித்தால் நேரம் நெருங்கிவிட்டது. உட்காரத் தொடங்கும்போது ஒரே ஒரு சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். ‘போ’ வேண்டாம், அதை நாள் முழுக்க வேறு எதற்கெல்லாமோ சொல்வோம். ‘ஒன்னுக்கு’ என்றே வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் எல்லோரும் அதே சொல்லை. முடித்த விநாடியே, அந்த இடத்திலேயே பட்டாணி அளவு வேகவைத்த கோழித் துண்டு ஒன்று, பிறகு பாராட்டு. புரட்டாசியில் வீட்டுக்குள் மாமிசம் வராது என்றால் சீஸை அதே அளவில் நறுக்கி வைத்துக்கொள்ளலாம். துண்டு உங்கள் சட்டைப்பையில் இருக்கவேண்டும். சமையலறைக்கு வந்து கொடுத்தால் ‘சமையலறைக்கு வந்ததற்குப் பரிசு’ என்றாகிவிடும். பாதியிலேயே பாராட்டினாலும் தப்பு: குட்டி உற்சாகத்தில் நிறுத்திவிட்டு ஓடிவரும், மீதியை உள்ளே விடும்.

முடிந்ததும் உடனே உள்ளே கூட்டிப் போகாதீர்கள். வாரை அவிழ்த்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் விளையாடுங்கள். ஒன்றுக்குப் போனவுடன் வெளியுலகம் முடிந்துவிடுகிறது என்று கண்டுகொண்ட குட்டி, வேண்டுமென்றே அடக்கிவைக்கக் கற்றுக்கொள்ளும்.

ஐந்து நிமிடத்தில் போகவில்லையா? உள்ளே வாருங்கள், ஆனால் தரையில் விடாதீர்கள். மடியில் வைத்திருங்கள், அல்லது கூண்டில் விடுங்கள், அல்லது வாரை உங்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி அதே மூலை. தேவைப்பட்டால் மூன்றாம் முறையும். உங்கள் பிரச்சினை முழுக்க இந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது: வெளியே போகாமல் திரும்பிய குட்டியை லவுஞ்சில் அவிழ்த்துவிட்டால், அது போகத்தான் செய்யும்.

எப்போதெல்லாம் கூட்டிப் போவது? தூங்கி எழுந்த உடனே, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல். சாப்பிட்டு ஐந்து நிமிடத்திலிருந்து அரைமணிக்குள். இரைப்பை நிறைந்ததும் குடல் அசையத் தொடங்கும் என்பதால் இரண்டுக்குப் போவது பெரும்பாலும் அப்போதுதான். விளையாட்டு நடுவிலும் முடிவிலும். விழித்துத் திரிகிற நேரத்தில் முப்பது, நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை. படுத்து ஓய்வெடுக்கும் குட்டியால் மாதக் கணக்கோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மணிநேரம் அடக்கமுடியும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். இரண்டு மாதம் என்றால் மூன்று மணி. அது பகல் நேரத்து மேல் எல்லை; இரவுத் தூக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக அடக்கும். ஒன்பது வாரத்தில் இரண்டு மணி என்று வைத்துக்கொள்வதே பத்திரம். விளையாடுகிற குட்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது.

நேரம் உங்கள் பிடிக்குள் வரவேண்டும் என்றால் சாப்பாடும் நேரத்துக்கு இருக்கவேண்டும். நாளைக்கு மூன்று வேளை; கிண்ணத்தைப் பதினைந்து நிமிடம் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கத் தீனி கிடந்தால் நாள் முழுக்க வெளியே வரும். கடைசி வேளை படுக்கப்போவதற்கு மூன்று மணி நேரம் முன்பு. தண்ணீரைப் பகலில் ஒருபோதும் நிறுத்தக்கூடாது, டர்பன் புழுக்கத்தில் அது ஆபத்து. படுக்கைக்கு ஒரு மணிநேரம் முன்பு கிண்ணத்தை எடுக்கலாம். வெக்கையான இரவென்றால் கொஞ்சம் தண்ணீர் விட்டுவைத்து, இரவில் ஒருமுறை கூடுதலாக எழுந்துகொள்ளுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். பெரியவர்கள் ஆசையாகப் பால்சோறு பிசைந்து கொடுப்பார்கள். பால் குடி மறந்த குட்டிகள் பலவற்றுக்கு மாட்டுப்பால் செரிக்காது, பேதியாகும். பேதி கண்ட குட்டியால் எதையும் அடக்கமுடியாது. ஒரு வாரப் பழக்கம் இரண்டு நாளில் போய்விடும். குழம்பும் கறியும் அதைவிட மோசம்: வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். ஆயாவிடம் இதைச் சொல்லும்போது குற்றம் சொல்வதுபோல் சொல்லாமல், கொடுக்கும் ஆசைக்கு வேறு வழி காட்டுங்கள். அந்த மூலையில் கொடுக்கிற கோழித் துண்டு, சீஸ் துண்டு எல்லாம் அவர் கையால் நடக்கட்டும்.

பகல் நேரம் உங்களுக்குக் கடினமான பகுதி. முழங்கால் வலியோடு அரைமணிக்கு ஒருமுறை படி இறங்கச் சொல்வது நியாயமில்லை. அதனால் இரண்டு ஏற்பாடு வேண்டும். நீங்கள் இருக்கும்போது கூண்டும் முற்றமும். இல்லாதபோது அடைப்பும் புல்தட்டும்.

கூண்டு என்பது குட்டி நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க மட்டும் போதுமான அளவில் இருக்கவேண்டும். வளர்ந்தபின் ஆகும் என்று பெரிதாக வாங்கினால், ஒரு மூலையில் தூங்கி மறு மூலையை நனைக்கும். தடுப்பு வைத்துச் சுருக்குங்கள். கதவைத் திறந்துவைத்து உள்ளே சாப்பாடு வைத்துப் பழக்குங்கள், தண்டனைக்கு ஒருபோதும் அதில் போடாதீர்கள். விழித்திருக்கிற இவ்வளவு சின்னக் குட்டியைத் தொடர்ந்து இரண்டு மணிக்கு மேல் பூட்டிவைத்தால், படுக்கையிலேயே போகக் கட்டாயப்படுத்துகிறோம். அந்தப் பிறவிக் குணம் ஒருமுறை கெட்டால் திருத்துவது மிகக் கடினம். அழுக்கான கொட்டிலில் வளர்ந்த குட்டிகள் பழகத் தாமதமாவது இதனால்தான்.

நீங்கள் வேலைக்குப் போகும்போது சமையலறையிலோ மூடிய வராந்தாவிலோ கம்பி வலை அடைப்பு ஒன்று, ஒன்றரை மீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவில். ஒரு முனையில் படுக்கையும் தண்ணீரும். எதிர் முனையில் அரை மீட்டர் சதுரமான, விளிம்பு தாழ்ந்த பிளாஸ்டிக் தட்டில், முற்றத்துப் புல்லை வேரும் மண்ணுமாகப் பெயர்த்தெடுத்து வையுங்கள். செய்தித்தாளோ, கடையில் விற்கும் ஈரம் உறிஞ்சும் பேடோ வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பேடின் மேற்பரப்பு துணி மாதிரி. அதில் பழகிய குட்டிக்குத் துண்டும் போர்வையும் கார்ப்பெட்டும் ஒன்றுதான். பிறகு தாளிலிருந்து புல்லுக்கு மாற்ற இன்னொரு மாதம் போகும். புல்தட்டில் பாதம் கற்பதும் முற்றத்தில் கற்பதும் ஒரே பாடம். தினமும் தண்ணீர் ஊற்றி அலசுங்கள், ஐந்து ஆறு நாளுக்கு ஒருமுறை புல்லை மாற்றுங்கள். பழைய புல்லில் ஒரு கைப்பிடியைப் புதியதன்மேல் போட்டால் வாசனை பார்த்துத் தானே போகும். மதியம் ஒருமுறை பக்கத்து வீட்டிலிருந்தோ சொந்தத்திலிருந்தோ யாராவது வந்து வெளியே கூட்டிப் போனால் பழக்கம் சீக்கிரம் படியும்.

இரவில் கூண்டை உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். முனகல் கேட்கவேண்டும், அதுதான் காரணம். ஒன்பது வாரத்தில் பத்து மணிக்குப் படுத்தால், இரண்டு மணிக்கு அலாரம். குட்டி அழுது எழுப்புவதற்கு முன் நீங்கள் எழுப்பினால், அழுதால் கதவு திறக்கும் என்ற பாடம் வராது. நடக்கவிடாமல் தூக்கிப் போங்கள். கதவுவரை நடந்தால் வழியிலேயே போய்விடும். இறக்கிவிடும் முன் டார்ச் அடித்துப் புல்லைப் பாருங்கள். நம் பக்கத்து முற்றங்களில் விரியன் வகைப் பாம்பும், விஷம் துப்பும் நாகமும் இரவில் வெளிவருகின்றன. மூக்கை நீட்டிப் பார்க்கும் குட்டிதான் முதலில் கடிபடும். போனதும் கோழித் துண்டு, பேச்சில்லாமல் கூண்டு. ஒவ்வொரு வாரமும் அலாரத்தை அரைமணி தள்ளிவைத்துக்கொண்டே போனால், நான்கு மாத வாக்கில் பெரும்பாலான குட்டிகள் விடியும்வரை தூங்கும்.

உள்ளே போகும்போது கையும் களவுமாகப் பார்த்துவிட்டால், ஒரு கைத்தட்டல், மெதுவாக. திடுக்கிடாமல் நிற்கிற அளவு. தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய், மீதியை அங்கே விட்டால் பரிசு. பார்க்கத் தவறிவிட்டால் குட்டிக்குச் சொல்ல ஒன்றுமில்லை, துடைக்கவேண்டியதுதான்.

துடைக்கிற விதத்தில்தான் பல வீடுகளில் தப்பு நடக்கிறது. நம் மூக்குக்கு வாசனை போய்விட்டால் போதும் என்று நினைக்கிறோம். ஊதுபத்தி, சாம்பிராணி, வாசனை திரவம் எல்லாம் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். குட்டிக்கு அந்த இடம் இன்னும் கழிப்பறைதான். மூத்திரத்தின் சில பகுதிகள் தண்ணீரில் கரையாமல் டைல்ஸ் இடுக்குச் சாந்தில் தங்கிவிடும், ஈரக்காற்று வந்ததும் மறுபடி மணக்கும். முதலில் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். செல்லப் பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதிக் (என்சைம்) கரைசலை நனைய ஊற்றி, போத்தலில் சொன்ன நேரம், குறைந்தது பத்துப் பதினைந்து நிமிடம், ஊறவிடுங்கள். ஊற்றிய உடனே துடைத்துவிட்டால் நொதி வேலை செய்ய நேரமில்லை. கைவசம் இல்லாத நாளில் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைக்கலாம். அது நொதிக்கு ஈடாகாது, தற்காலிகம்.

ஜிக் போன்ற பிளீச்சை மூத்திரத்தின்மேல் நேராக ஊற்றாதீர்கள். அமோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயு வரும். அமோனியா கலந்த தரைத் திரவங்களின் வாசனை மூத்திரத்தை ஒத்திருப்பதால், அங்கேயே திரும்பப் போகத் தூண்டும். ஜெய்ஸ் ஃப்ளூயிட் மாதிரி, தண்ணீரில் விட்டதும் வெள்ளையாக மாறும் கிருமிநாசினிகள் பாதத்தில் ஒட்டி, நக்கி, வயிற்றுக்குள் போனால் விஷம். முற்றத்துக் காங்கிரீட்டைக் கழுவ அதைப் பழக்கமாக வைத்திருக்கும் வீடுகள் நிறைய. குட்டி இருக்கும்வரை நிறுத்திவிடுங்கள்.

சாமி அறைக்குக் குழந்தைத் தடுப்புக் கதவு ஒன்று போட்டுவிடுங்கள், புரட்டாசிக்கு முன்பே. தப்பித்தவறி உள்ளே போய்விட்டால், நொதிக் கரைசலால் சுத்தம் செய்து காய்ந்தபின் மஞ்சள் தண்ணீர் தெளியுங்கள். வரிசை மாறினால் மனத்துக்குச் சுத்தம், குட்டியின் மூக்குக்கு இல்லை. கற்பூரத்தை உயரத்தில் வையுங்கள். அதைத் தின்ற குட்டிக்கு வலிப்பே வரலாம்.

முற்றத்தைத் தாண்டி, தெருவோரப் புல்லுக்கும் பூங்காவுக்கும் இப்போது போகாதீர்கள். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பேதி நோயைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தடுப்பூசிகள் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை போகும். கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை சொந்த மதிலுக்குள்தான். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி தென்னாப்பிரிக்காவில் சட்டப்படி கட்டாயம், குவாசுலு-நட்டாலில் அந்த நோய் நாய்களிடையே இருந்துகொண்டே இருக்கிறது. முற்றத்தில் தனியே விடவும் வேண்டாம். குரங்குக் கூட்டத்தைத் துரத்தப்போய்க் கடிபட்ட நாய்கள் உண்டு.

அக்டோபரில் மழைக்காலம் தொடங்கும். வயிறு நனைவதைக் குட்டிகள் வெறுக்கும். கதவோரம் நின்று திரும்பிவிடும். இப்போதே கூரை இறவாணத்துக்குக் கீழே ஒரு துண்டுப் புல்லைப் பழக்கிவையுங்கள், புல்தட்டும் அங்கே உதவும். தீபாவளியும் நவம்பர் 5ஆம் தேதி கை ஃபாக்ஸ் இரவும் அதைவிடப் பெரிய சோதனை. வெடிச்சத்தத்தில் ஒருமுறை அரண்ட குட்டி, இருட்டில் முற்றத்துக்கு வரவே மறுக்கும். அந்த நாட்களில் சூரியன் மறையும் முன்பே வெளியே கூட்டிப் போய்விடுங்கள்; இரவில் வாரைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் இறங்கவேண்டும். ஓரிரு நாள் உள்ளே போனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லா ஈரமும் பழக்கக் குறைவு அல்ல. நீங்கள் வேலை முடிந்து வந்ததும் வாலாட்டிக்கொண்டே சொட்டவிடுவது உற்சாகத்தால் வருவது. குனிந்து தலையைத் தடவும்போது மல்லாந்து சொட்டுவது பணிவால் வருவது. இரண்டுக்கும் அதட்டினால் கூடும். வந்ததும் கண்டுகொள்ளாமல் நேரே முற்றத்துக்குக் கூட்டிப் போய், பக்கவாட்டில் உட்கார்ந்து மார்பைத் தடவுங்கள், வளர வளர நின்றுவிடும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போய், நக்கிக்கொண்டே இருந்தால் மூத்திரப்பாதைத் தொற்று, பெண் குட்டிகளில் அதிகம். தூக்கத்திலும் நடக்கும்போதும் இடைவிடாமல் சொட்டினால் பிறவிக் கோளாறாக இருக்கலாம். மூத்திரம் காப்பி நிறமாகவோ சிவப்பாகவோ வந்து, ஈறு வெளுத்து, குட்டி சோர்ந்திருந்தால் உண்ணியால் வரும் பிலியரி காய்ச்சல் என்று சந்தேகித்து அன்றே மருத்துவரிடம் ஓடவேண்டும். இங்குள்ள வகை நாளைக்குப் பார்க்கலாம் என்று காத்திருக்காது. உண்ணி மருந்தை எந்த வயதில், எந்த எடைக்கு என்பதை அடுத்த ஊசிக்குப் போகும்போதே கேட்டுவிடுங்கள்.

குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, சாப்பிட்ட நேரம், எழுந்த நேரம், போன நேரம், தவறிய இடம் நான்கையும் எழுதிவாருங்கள். ஒரு வாரத்தில் உங்கள் குட்டியின் கடிகாரம் அதில் தெரியும். தவறுகள் பெரும்பாலும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் பொறுப்பில் இருந்தபோது நடந்திருக்கும். நான்கு மாதத்தில் ஓரளவும், ஆறு மாதத்தில் நன்றாகவும் பழகிவிடும், சின்ன இனங்கள் இன்னும் தாமதிக்கும். ஆறு மாதம் தாண்டி ஆண் நாய் காலைத் தூக்கிச் சுவரில் அடிக்கத் தொடங்கினால் அது எல்லை குறிக்கும் பழக்கம், அதற்கு வைத்தியம் வேறு.

நான்கு வாரம் தொடர்ந்து ஒரு தவறும் இல்லை என்றால் மட்டும் அடுத்த அறையைத் திறந்துவிடுங்கள், ஒன்றொன்றாக, முதல் சில நாள் உங்கள் கண்பார்வையில். தவறு நடந்தால் ஓர் அறை பின்வாங்கி மறுபடி இரண்டு வாரம். லவுஞ்சை அரைநாள் திறந்துவைத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்று உறுதியான பிறகு, நொதிக் கரைசலில் நன்றாக ஊறவைத்துக் கழுவி வெயிலில் காயவைத்த கார்ப்பெட்டை எல்லாவற்றுக்கும் கடைசியாக விரியுங்கள். முதல் வாரம் இரவில் சுருட்டி வைத்துவிடுங்கள்.